இடது பக்கத்துக்கு ஆள்

அப்பா,

இதை நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நாளைக் காலை அம்மாவுக்கு முன்பே நீங்கள் கீழே இறங்கிப் போவீர்கள். எண்ணெய் பார்ப்பது, டயரில் காற்று பார்ப்பது, எஞ்சின் சூடாகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது என்று உங்களுக்கு அரைமணி நேரமாவது வேண்டும். நீங்கள் வாசலில் காலணி போடும்போது இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஓடிவிடுவேன். நின்றால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

பேசிப் பார்த்துவிட்டேன். "அப்பா, உங்க கண்ணு" என்று நான் ஆரம்பித்தாலே நீங்கள் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள். நானும் சிரித்துவிடுகிறேன். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத்தில் நீங்கள் குறுக்கே வர முடியாது. திங்கட்கிழமைப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். மேசை விளக்கின்மேல் என் உடற்பயிற்சிச் சட்டையைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறேன். உங்கள் அறையிலிருந்து இருமல் சத்தம் கேட்கும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தை எடுத்து இதன்மேல் மூடுகிறேன். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று பயமில்லை. நீங்கள் திட்டியதே இல்லை. நாளை அம்மா அந்த இருக்கையில் உட்காரப் போகிறார் என்பதுதான் பயம். பொதுவாக அப்பாக்கள்தான் பிள்ளைகளுக்கு இப்படி நீளமாக எழுதிப் புத்தி சொல்வார்கள். இந்த ஒரு தடவை மாற்றிச் செய்துகொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு குடும்பக் காருக்காகக் காத்திருந்தார். பின்னால் மூன்று பேர் உட்காரலாம், அரிசிப் பையை வைக்கலாம், மழையில் யாரையும் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் கொண்டுவந்து நிறுத்தியது, இரண்டே இருக்கைகளும் துணிக்கூரையும் உள்ள, ஏற்கெனவே இரண்டு பேர் வைத்திருந்து விற்ற, பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின்கூட முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்மூடியைத் திறந்தால் ஸ்பேர் டயரும், பக்கத்தில் ஒரு சின்னப் பை வைக்கிற இடமும்தான். அம்மா அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இது காரா, சப்பாத்தா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நம் வீட்டில் அந்தக் காலணி அளவு வண்டிக்குச் சப்பாத்து என்றே பெயராகிவிட்டது. புக்கிட் மேராவிலிருந்து பார்க்க வந்த சித்தப்பா, "மூணு பேர் குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு. யாரை வித்துட்டு வாங்கினீங்க அண்ணே?" என்றார். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. என்னைத்தான் விற்கப் போகிறார்கள் என்று நினைத்து இரவு முழுவதும் அழுதேன். மறுநாள் நீங்கள் என்னை அதில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, இது உன் சீட்டு, வேறு யாருக்கும் கிடையாது என்றீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் அதை மதித்ததில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஒருநாள், புகைக்குழாயை மாற்றி ஊரையே அதிர வைத்துக்கொண்டு வந்த ஒரு அண்ணன் நம் வண்டியைப் பார்த்துப் பாவப்பட்டார். "அங்கிள், இதுக்குப் போயி ஏன் இவ்ளோ மெனக்கெடுறீங்க? பார்க்க மட்டும்தான் ஸ்போர்ட்ஸ். டாக்ஸியே முந்திரும் லா" என்றார். நீங்கள் துணியால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முந்தட்டும் லா. நேர் ரோட்டுல யாருதான் ஓட்ட மாட்டான்" என்றீர்கள். வண்டிக்கான பத்து வருட உரிமமான சிஓஇ முடிந்தபோது, சின்ன வண்டிக்கு இன்னொரு பத்து வருடமா என்று எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் போய்ப் புதுப்பித்துவிட்டு வந்தீர்கள். அதுவும் அடுத்த ஆண்டு முடிகிறது. இன்னொரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்று நீங்கள் இப்போதே யோசிப்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது நியோ தியூ சாலையில்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், நம் சுவா சூ காங் வட்டாரத்தில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன், கூரையை மடக்கிவிட்டு என்னை அழைத்துப் போவீர்கள். இருபக்கமும் காய்கறித் தோட்டங்கள், ஈரமான புல், நாய்கள். சாலை வளைந்து வளைந்து போகும். நீங்கள் வேகமாகவே ஓட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சின்ன வண்டி, யாரோ கையைப் பிடித்துத் திருப்பியதுபோல், தள்ளாடாமல் திரும்பும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடணும், வளைவுக்குள் பிரேக் தொடக்கூடாது, ஸ்டியரிங்கைக் கசக்கிப் பிடிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள். அப்போது ஒன்று சொன்னீர்கள். "கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் மா போகும். மரத்தைப் பார்த்தா மரத்துல போயி நிப்ப." எஞ்சின் சூடு முதுகில் படும். அலுவலகத்தில் நாள் முழுவதும் லிஃப்ட் பழுது பற்றிய அழைப்புகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன அப்பா அங்கே இருக்க மாட்டார். அந்த நேரத்து உங்களை அம்மா பார்த்ததில்லையே என்று நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

கூரை மூடியிருந்தால் அந்த வண்டியில் இடது பின்மூலை தெரியாது. துணியும் கம்பியும் மறைத்துவிடும். அதனால் எனக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். நீங்கள் இடது பக்கம் ஒதுங்குவதற்கு முன்போ திரும்புவதற்கு முன்போ "கிளியரா?" என்று கேட்பீர்கள். நான் தலையைத் திருப்பிப் பார்த்து, யாரும் இல்லையென்றால் "கிளியர்" என்பேன். மோட்டார் சைக்கிள் வந்தால் "பைக்" என்பேன். சின்ன வயதில் நான் பார்க்காவிட்டாலும் நீங்கள் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அது எனக்காக நீங்கள் கண்டுபிடித்த விளையாட்டு. ஆனாலும் நான் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. பள்ளியில் தோழிகள் என் அப்பா டாக்டர், என் அப்பா விமானத்தில் வேலை என்று சொல்லும்போது, நான் என் அப்பாவின் காரில் கோ-டிரைவர் என்று சொல்லிக்கொள்வேன்.

அம்மா அந்த இருக்கையை விட்டுப் போனது உறவினர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போனபோது. நீங்களும் அம்மாவும் முன்னால் போனீர்கள், நான் சித்தப்பா வண்டியில் வந்தேன். பிஐஇ விரைவுச்சாலையில் கொட்டிய மழை, கூரையின் தையல் வழியாக அம்மாவின் பட்டுப்புடவையில் சரியாகத் தோளில் சொட்டியது. மண்டபத்தில் எல்லோரும் குடை கொண்டுவரவில்லையா என்று கேட்டபோது அம்மா, "குடை இல்ல, சப்பாத்துலதான் வந்தோம்" என்றார். அத்தோடு சரி. அதன்பிறகு நம் குடும்பம் எங்கே போனாலும் நீங்களும் நானும் சாமான்களோடு காரில், அம்மா எம்ஆர்டி ரயிலில். தேக்கா கடைத்தெருவுக்குப் போனால் பாதி நாள் அம்மாதான் முதலில் வந்து சேர்வார். நாம் நிறுத்த இடம் தேடிச் சுற்றிவிட்டு வியர்த்துக்கொண்டு வரும்போது, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஸ்போர்ட்ஸ் கார் வந்துருச்சா?" என்பார். மற்றவர்களுக்கு இது வினோதமாக இருந்திருக்கலாம். எனக்கு அது நம் மூன்று பேருக்கும் பழகிப்போன சந்தோஷமாகத்தான் தெரிந்தது. அதனால்தான் அம்மா எதையுமே பார்க்கவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான்.

எப்போதிலிருந்து என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கூரை திறந்திருக்கும்போதும் நீங்கள் "கிளியரா?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். பிறகு, பின்னால் மட்டுமல்லாமல் பக்கத்தில் இருப்பதற்கும் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சிராங்கூன் சாலையில் நடந்தால் உங்கள் இடது தோள் யார்மீதாவது இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இடது கைப்பக்கம் வைத்த தேநீரைத் தட்டிவிட்டீர்கள். "கண்ண எங்க வெச்சிருக்கீங்க?" என்று அம்மா துடைத்துக்கொண்டே கேட்டார். நீங்கள் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் நாம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வந்திருந்தோம்.

படிக்கும் கண்ணாடியை மாற்றத்தான் தேக்காவில் அந்தக் கடைக்குப் போனீர்கள். கண் பரிசோதிக்கும் அந்த அக்கா முதலில் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் காற்று அடிக்கும் கருவியில் இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு ஒரு பெட்டிக்குள் உங்களைப் பார்க்கச் சொல்லி, வெளிச்சப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணின் முறை வந்தபோது புள்ளிகள் வந்து வந்து போயின, உங்கள் விரல் அசையவே இல்லை. பரிசோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து நீங்கள் காத்திருந்தீர்கள்.

"அண்ணே, இடது கண்ணுல ஓரப்பார்வை நெறைய போயிருக்கு" என்றார் அந்த அக்கா. "கண் அழுத்த நோயா இருக்கலாம். வலிக்காது, வலது கண்ணு சமாளிச்சுக்கும், அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல. போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம், ஆனா சீக்கிரம் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கணும். அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க."

நீங்கள் என் தோளில் கைவைத்து, "பரவால்ல லா, இடது பக்கத்துக்கு ஆள் வெச்சிருக்கேன்" என்றீர்கள்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அப்பா, அந்தச் சிரிப்பை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. கார் நிறுத்துமிடத்தில், அம்மாவிடம் இப்போது சொல்லாதே, முதலில் டாக்டர் பார்க்கட்டும், நானே சொல்கிறேன் என்றீர்கள். சரி என்றேன். அங்கிருந்து வீடுவரைக்கும் நான் கண் சிமிட்டாமல் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மருத்துவமனையிலிருந்து தேதி வந்தபோது வேலை இருக்கிறது என்று தள்ளிப்போட்டீர்கள். மறுபடியும் வந்த தேதியையும் தள்ளிப்போட்டீர்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. டாக்டர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை. நான் வலைப்பந்துப் பயிற்சியை விட்டுவிட்டு, நீங்கள் எங்கே வண்டியை எடுத்தாலும் கூட வந்தேன். பிள்ளைக்கு அப்பாமேல் எவ்வளவு பாசம் என்று அம்மா சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரேஸ் கோர்ஸ் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்பிய அந்த மாலையைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. நீங்கள் "கிளியரா?" என்றீர்கள். என் கையில் கைத்தொலைபேசி இருந்தது. வகுப்பு நண்பர்கள் குழுவில் ஏதோ வேடிக்கை ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்காமல் "கிளியர்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுபோல வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீங்கள் திருப்பினீர்கள். முதுகில் உணவுப் பெட்டி மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு மலாய் ஆன்டி, நம் கதவுக்கும் நடைபாதைக் கட்டைக்கும் நடுவில் இருந்தார். அவர் போட்ட சத்தத்தில்தான் நீங்கள் பிரேக் போட்டீர்கள். அவர் காலை ஊன்றி நின்றுவிட்டார், விழவில்லை. பெட்டியிலிருந்து சூப் வழிந்து அவர் காற்சட்டையெல்லாம் ஆகிவிட்டது. நீங்கள் இறங்கி மன்னிப்புக் கேட்டீர்கள், நாப்கின் கொடுத்தீர்கள். அவர் உங்களைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் முகத்துக்கு நேராக, கையெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார் அல்லவா, இந்தப் பெண் எப்படி என்னைப் பார்க்காமல் போனாள் என்று நினைத்திருப்பார். அவருக்குத் தெரியாது, அந்த வண்டியில் இடது பக்கத்தைப் பார்க்க என்னைத் தவிர யாரும் இல்லை என்று.

நேராக வீட்டுக்கு வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு, "உன் மேல தப்பில்ல மா" என்று மட்டும் சொன்னீர்கள். என் மேல் தப்பு இல்லையென்றால் யார் மேல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப்பிறகுதான் நாளை வரும் உங்கள் கல்யாண நாளைப் பற்றிய பேச்சு வந்தது. கல்யாணமான புதிதில் நீங்கள் இருவரும் பேருந்தில் மலாக்காவுக்குப் போனதை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்கு, "சப்பாத்துல போலாமா?" என்று கேட்டீர்கள். அம்மா மறுப்பார் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போலாம். எத்தனை வருஷம்தான் நான் ரயில்லயே வர்றது? மழை வந்தா வரட்டும்" என்றார். அப்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நியோ தியூ சாலையில் நான் பார்க்கும் முகம் அது. மறுநாளே புக்கிட் பாத்தோக் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் புதுக்கூரை போட்டுவிட்டு வந்தீர்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு உள்ளே வருகிறதா என்று பார்த்தீர்கள். அம்மா ஆரஞ்சு நிறத்தில் தலைக்குக் கட்டிக்கொள்ள ஒரு துணி வாங்கி வைத்திருக்கிறார், உங்களுக்கு இன்னும் காட்டவில்லை. இத்தனை வருடம் கேலி செய்த அம்மா அந்த வண்டியை இப்போது விரும்ப ஆரம்பித்திருக்கும்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்?

அதனால் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இந்த வாரம் முழுவதும் அம்மாவுக்கு என் வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா கேட்டால் இடது பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும், யாரும் இல்லையென்றால் கிளியர் என்று சொல்ல வேண்டும், தூங்கக்கூடாது, கைத்தொலைபேசி பார்க்கக்கூடாது என்றேன். அம்மா எந்த வண்டியில் ஏறினாலும் முதல் சிக்னலில் தூங்கிவிடுவார் என்று உங்களுக்குத் தெரியும். சோபாவைக் காராக வைத்து மூன்று தடவை பழக்கினேன். அம்மா முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது தடவை துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் டீ, ஓட்டுறவருக்குக் கண்ணு இல்லையா?"

சும்மாதான் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மனுஷியை, ஏன் என்று சொல்லாமல், கண்ணாக உட்கார வைக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா தூங்கிவிட்டால் அது அம்மாவின் தவறா? துவாஸ் பாலம் தாண்டி மலேசியாவுக்குள் போனதும் அங்கே மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இடது ஓரமாகத்தானே வரும்? லாரிகள் வரும். நீங்கள் கேட்பீர்கள், பக்கத்தில் பதில் இருக்காது. அல்லது அரைத்தூக்கத்தில் அம்மா கிளியர் என்று சொல்லிவிடுவார், அன்று நான் சொன்னதுபோல.

அப்பா, நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் நான் உங்களுக்குச் சொல்கிறேன். அந்த வண்டியில் ஒரு சின்னச் சத்தம் புதிதாக வந்தாலும் உங்களுக்குப் பொறுக்காது. பாட்டை நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பீர்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டீர்கள். பழைய வண்டி, விட்டுவிட்டால் பெரிதாகிவிடும் என்பீர்கள். போன தீபாவளிக்கு முதல் நாள், வீட்டில் அவ்வளவு வேலை இருக்கும்போது, ஒரு பெல்ட் கீச்சிடுகிறது என்று பட்டறைக்குப் போனீர்கள். அந்த வண்டிக்குச் செய்வதை உங்கள் கண்ணுக்குச் செய்யுங்கள் என்று கேட்பது பெரிய விஷயமா? இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்று அந்த அக்கா சொன்னார். காப்பாற்ற முடியும் என்று சொன்ன பிறகு நீங்கள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் எவ்வளவு போயிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு அந்த வண்டியை விட மனமில்லை. ஓட்டாத வண்டியைக் கார் நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது. எனக்கு அது புரிகிறது. வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் எனக்குப் புரியும், எட்டு வயதிலிருந்து அதில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு கண்ணைக் கொடுக்காதீர்கள். அம்மாவை அதற்குள் உட்கார வைக்காதீர்கள்.

டாக்டர் ஓட்டலாம் என்றே சொல்லலாம். எனக்குத் தெரியாது. ஓட்டக்கூடாது என்றால் வண்டி போய்விடும், சித்தப்பா ஏதாவது சொல்வார், அந்தப் பெட்ரோல் நிலைய அண்ணன் மாதிரி யாராவது உதிரிப் பாகத்துக்கு வாங்கிக்கொண்டு போவார். நாம் இருவரும் நிச்சயம் அழுவோம். அதற்கும் நான் பயப்படுகிறேன். அந்த இருக்கை இல்லாவிட்டால் நானும் நீங்களும் எங்கே பேசிக்கொள்வோம் என்றுகூட யோசித்தேன்.

நான் செய்யப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன். அம்மா கிளம்பியதும் பையை நான் தூக்கிக்கொண்டு கூட வருவேன். நீங்கள் வண்டிக்கு வெளியே நின்று, அம்மாவிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று சொன்னால், நான் லிஃப்ட் பக்கமே நின்றுகொள்வேன். உங்கள் வாயால் நீங்கள் சொல்வதுதான் நல்லது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பையை வாங்கி முன்னால் வைத்தால், நான் சொல்வேன். கண்ணாடிக் கடையில் சொன்னது, தள்ளிப்போட்ட தேதி, சைக்கிள் ஆன்டி எல்லாவற்றையும் உங்கள் முன்னாலேயே சொல்வேன். உங்களுக்குக் கொடுத்த வார்த்தையை மீறுகிறேன் என்று தெரியும். அம்மா கத்துவார். கத்தாமல் அந்த ஆரஞ்சுத் துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு திரும்பி நடந்தாலும் நடப்பார், அதுதான் எனக்கு இன்னும் பயம். நீங்கள் எவ்வளவு காலம் என்னோடு பேசாமல் இருப்பீர்கள் என்றும் தெரியவில்லை. இருங்கள். பேசாமல் இருந்தாலும் நீங்கள் இருவரும் வீட்டில் இருப்பீர்கள்.

இதை இரண்டு தடவை கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. காலையில் உங்களிடம் கொடுத்ததும் நான் சமையலறை ஜன்னலுக்குப் போய்விடுவேன். அங்கிருந்து கார் நிறுத்துமிடம் தெரியாது, ஆனால் நம் எஞ்சின் சத்தம் மட்டும் மேலே வரும். அந்த நேரத்தில் வேறு எந்த வண்டியும் ஓடாது. அம்மா குளித்துக்கொண்டிருப்பார். படித்து முடித்ததும், நீங்கள் சொல்லத் தயார் என்றால், எஞ்சினை அணைத்துவிடுங்கள். சத்தம் நிற்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள்